டிக்கெட் ஒண்ணாயிடுச்சு, புகார் கவுண்டர் மட்டும் அஞ்சாறு இருக்கு

சென்னை ஒன் ஆப் 2025 செப்டம்பர்ல வந்ததுல இருந்து நான் அதத்தான் யூஸ் பண்றேன், ஒரே க்யூஆர் கோடு எடுத்தா எம்டிசி பஸ், எலக்ட்ரிக் ட்ரெயின், மெட்ரோன்னு எதுல வேணாலும் மாறி மாறி போலாம், சில்லறைக்கு கண்டக்டர் முகத்த பாக்க வேண்டியதில்ல. நல்ல விஷயம் தான், குறை சொல்லல. ஆனா இதுல பஸ் நடுவழில நின்னு, அதனால கிண்டில ட்ரெயின விட்டு, அதனால எழும்பூர்ல ஊருக்கு போற எக்ஸ்பிரஸையும் விட்டீங்கன்னு வைங்க, யார்கிட்ட போய் கேப்பீங்க? ட்ரெயின்னா 139, மெட்ரோன்னா அவங்களுக்கு ஒரு நம்பர், டவுன் பஸ்னா போக்குவரத்துக் கழகம், ஆம்னி பஸ்னா ஆர்டிஓ, ஃப்ளைட்னா ஏர்சேவாங்கற அரசு புகார் தளம், ஒவ்வொருத்தர் கிட்டயும் போனா "எங்க பக்கம் எந்த தப்பும் இல்ல சார்"னு தான் வரும், நடுவுல விழுந்த நம்மளுக்கு பேரே இல்ல.

சும்மா புலம்பாம உருப்படியா என்ன தான் சட்டத்துல இருக்குன்னு கொஞ்ச நாளா தோண்டிட்டு இருக்கேன். எங்க மாமா ஒருத்தர் கோர்ட்ல க்ளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவர், சந்தேகம்னா அவருக்கு போன் போடுவேன், "எந்த செக்‌ஷன்னு மொதல்ல பார்றா மாப்ள, அப்புறம் கோவப்படலாம்"னு ஆரம்பிப்பார். இதெல்லாம் படிச்சதுல எனக்கு தோணுனது இது தான், நம்ம ஊர்ல டிக்கெட் விலை ஏற ஏற உரிமையும் எழுத்துல ஏறுது, இறங்க இறங்க உரிமையும் காத்துல போயிடுது. ஆனா எந்த வண்டியா இருந்தாலும் பொதுவா ஒண்ணு இருக்கு, இறங்குறதுக்கு முன்னாடி கையில ஒரு ஆதாரம் வாங்கிட்டீங்களா இல்லையாங்கறதுல தான் முக்கால்வாசி விஷயம் முடிஞ்சிடுது.

ஃப்ளைட்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்க தான் எல்லாம் ரூபாய் கணக்கோட தெளிவா எழுதி வச்சிருக்காங்க. விமானப் போக்குவரத்த கண்காணிக்கற டிஜிசிஏவோட விதிப்படி சீட்டுக்கு மேல டிக்கெட் வித்துட்டு உங்கள ஏத்தாம விட்டா, ஒரு மணி நேரத்துக்குள்ள கிளம்பற வேற ஃப்ளைட்ல அனுப்பிட்டா ஒண்ணும் கிடையாது, 24 மணி நேரத்துக்குள்ள கிளம்பறதுல அனுப்பினா அடிப்படை கட்டணமும் எரிபொருள் சார்ஜும் சேத்து அதுல ரெண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபா, அதுக்கும் மேல போனா நாலு மடங்கு, அதிகபட்சம் 20,000. முன்கூட்டி சொல்லாம கேன்சல் பண்ணா பயண நேரத்த பொறுத்து 5,000, 7,500, 10,000னு படி வச்சிருக்காங்க, டிக்கெட் விலை அத விட கம்மின்னா அந்த கம்மி தான் கிடைக்கும். மழை, புயல் மாதிரி அவங்க கையில இல்லாத காரணம்னா இந்த நஷ்டஈடு கிடையாது, ஆனா டிக்கெட் காச திருப்பித் தரணும், இல்ல வேற ஃப்ளைட்ல அனுப்பணும், அதுல மாத்தம் இல்ல. கவுண்டர்ல நிக்கிற பசங்க இந்த ரெண்டையும் சேத்து குழப்பி "வெதர் சார், ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லுவாங்க, அப்ப நஷ்டஈட விட்டுட்டு ரீஃபண்ட மட்டும் அழுத்தி கேளுங்க. லேட்டுக்கு தனியா காசுன்னு கிடையாது, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல போனா சாப்பாடு, ஆறு மணி நேரத்துக்கு மேல போனா வேற ஃப்ளைட் இல்லன்னா முழு ரீஃபண்ட்.

இதுல நிறைய பேருக்கு தெரியாத ஒரு பொடி எழுத்து இருக்கு. புக் பண்ணும்போது உங்கள தொடர்பு கொள்ள சரியான நம்பர், மெயில் குடுக்கலன்னா கேன்சலுக்கு நஷ்டஈடு கிடையாதுன்னு அதே விதியில இருக்கு. நம்ம ஊர்ல கல்ஃப் போறவங்க, சிங்கப்பூர் போறவங்க பாதி பேர் டிராவல்ஸ் கடையில தான் டிக்கெட் போடறாங்க, கடைக்காரர் தன்னோட நம்பரையே எல்லா டிக்கெட்லயும் போட்டு வச்சிருப்பார், கேன்சல் மெசேஜ் அவருக்கு போகும், அவர் தூங்கிட்டு இருப்பார். அதனால டிக்கெட் பிரிண்ட் வாங்கும்போதே யார் நம்பர் இருக்குன்னு பாருங்க, உங்க நம்பர போடச் சொல்லுங்க, ஒரு நிமிஷ வேலை.

2025 டிசம்பர் முதல் வாரத்துல இண்டிகோ கூத்து ஞாபகம் இருக்கும், பைலட்களுக்கு ஓய்வு நேரம் கூட்டின புது விதிக்கு தயாராகாம ஆயிரக்கணக்குல ஃப்ளைட் கேன்சல் ஆச்சு, மத்த கம்பெனிகள் டிக்கெட் விலைய தாறுமாறா ஏத்துனாங்க. அப்ப மத்திய அரசு உடனே உச்சவரம்பு போட்டுச்சு, 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500 ரூபா, அதிகபட்சம் எவ்ளோ தூரம்னாலும் 18,000. பாத்துட்டு எனக்கு சந்தோஷத்த விட எரிச்சல் தான் வந்துச்சு, நினைச்சா ஒரே நாள்ல முடியுது பாத்தீங்களா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆம்னி பஸ்ல மூணு மடங்கு விக்கிறப்ப மட்டும் "அதிக கட்டணம் வசூலித்தால் கடும் நடவடிக்கை"னு ஒரு அறிக்கை, டோல்கேட்ல ரெண்டு நாள் சோதனை, முடிஞ்சது.

ஏன் அப்படின்னா அதுக்கு பின்னாடி ஒரு பெர்மிட் கதை இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்துல ஸ்டேஜ் கேரியேஜ், காண்ட்ராக்ட் கேரியேஜ்னு ரெண்டு இருக்கு. வழியில நிறுத்தி நிறுத்தி ஆள் ஏத்தி இறக்கி ஆளுக்கு டிக்கெட் போடறது ஸ்டேஜ் கேரியேஜ், நம்ம அரசு பஸ்ஸும் தனியார் ரூட் பஸ்ஸும் அது தான், அதுக்கு கட்டணத்த அரசு நிர்ணயிக்கும். ஒரு கூட்டத்த மொத்தமா ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு வாடகைக்கு கூட்டிட்டு போறது காண்ட்ராக்ட் கேரியேஜ், கல்யாண வண்டி மாதிரி. ஆம்னி பஸ் பேப்பர்ல ரெண்டாவது வகை, ரோட்டுல ஓடுறது முதல் வகை. ஆளுக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு விலை, ஆனா கட்டணம் நிர்ணயம்னு கேட்டா நாங்க காண்ட்ராக்ட் கேரியேஜ். இந்த ஓட்டைய அடைக்காம சங்கத்துக்காரங்களே அதிகபட்ச கட்டணம்னு ஒரு லிஸ்ட் போடறதும், அத அமைச்சர் வந்து வாழ்த்துறதும் எனக்கு என்னவோ திருடனே பூட்டு வித்த மாதிரி தான் தெரியுது.

என் சொந்த அனுபவமும் ஆம்னி பஸ்ல தான். பொங்கலுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை ராத்திரி, தென்காசி போற வண்டி, விலைய சொன்னா எங்க அம்மா இன்னைக்கும் திட்டுவாங்க. உளுந்தூர்பேட்டை தாண்டி ஏதோ டப்புன்னு ஒரு சத்தம், ஓரம் கட்டிட்டாங்க, மணி ரெண்டு இருக்கும். ஏசி நின்னுடுச்சு, ஜன்னல் திறக்காத வண்டி, எல்லாரும் கீழ இறங்கி நிக்கிறோம், லாரி போற காத்துல சால்வை பறக்குது. ஒரு அக்கா கைக்குழந்தைய வச்சுகிட்டு டயர் பக்கத்துல லக்கேஜ் மேல உக்காந்திருந்தாங்க. டிரைவர் ஆஃபீஸுக்கு போன் பண்ணிட்டே இருக்கார், "மாத்து வண்டி வருது"ன்னு சொன்னது ஒரு மணி நேரம் கழிச்சு "நம்ம வண்டி பின்னாடி ஒண்ணு வருது, அதுல ரெண்டு மூணு சீட்டு இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னு ஆச்சு. நாப்பது பேர் எப்படிங்க ரெண்டு சீட்டுல அட்ஜஸ்ட் பண்றது? அந்த அக்காவ மட்டும் அதுல ஏத்திவிட்டோம், மத்தவங்க அரசு பஸ்ஸ கை காட்டி நிறுத்தி திருச்சி வரைக்கும் நின்னுட்டே போனோம்.

அதுக்கு முன்னாடி நான் ரெண்டு விஷயம் பண்ணேன். நம்பர் பிளேட் தெரியற மாதிரி பஸ்ஸ போட்டோ எடுத்தேன், பின்னாடி டோல் போர்டு வர்ற மாதிரி நின்னு. அப்புறம் என்கிட்ட இருந்த டிக்கெட் பிரிண்ட்டோட பின்பக்கம் "வண்டி பழுது, மாற்று வண்டி இல்லை, இடம், நேரம்"னு எழுதி கையெழுத்து போட்டு தாங்கன்னு கேட்டேன். கிளீனர் பையன் "அதெல்லாம் பண்ணக்கூடாதுண்ணா"ன்னு ஒதுங்கிட்டான். ரெண்டாவது டிரைவர், வயசான மனுஷன், கொஞ்ச நேரம் பேப்பரயே பாத்துட்டு, பானட் மேல வச்சு தமிழ்ல அழகா எழுதி கீழ முழுப்பேர் போட்டு குடுத்தார், "நாங்க மாசச் சம்பளம் தம்பி, நீங்க கேக்க வேண்டிய இடத்துல கேளுங்க"ன்னார். அந்த ஒரு வரி தான் எல்லாத்துக்கும் அடிப்படையா போச்சு.

கஸ்டமர் கேர்ல மொதல்ல வருந்துகிறோம், அப்புறம் டிக்கெட் ரைஸ் பண்ணிருக்கோம், அப்புறம் அடுத்த பயணத்துக்கு 200 ரூபா கூப்பன். அடுத்த பயணமா, உங்க வண்டியிலயான்னு கேட்டேன், அந்த பொண்ணு பாவம் சிரிச்சிடுச்சு. மாமா சொன்ன மாதிரி ஒரு நோட்டீஸ் எழுதுனோம், வக்கீல் எல்லாம் வைக்கல, வெள்ள பேப்பர்ல தேதி வாரியா என்ன நடந்துச்சு, டிக்கெட் காசு எவ்ளோ, அரசு பஸ் டிக்கெட் எவ்ளோ (அதையும் பத்திரமா வச்சிருந்தேன்), இவ்ளோ தரணும், 15 நாள்ல தரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடுவோம்னு. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோட, டிரைவர் எழுதுனத ஜெராக்ஸ் எடுத்து இணைச்சு. கெடு முடியறதுக்குள்ள முழு காசும் அக்கவுண்ட்ல வந்துடுச்சு, ஒரு சாரி கூட இல்ல, ஒரு மெசேஜ் கூட இல்ல. அந்த ராத்திரி நின்ன மத்தவங்க யாரும் கேக்கவும் இல்ல, அவங்களுக்கு வரவும் இல்ல, அது தான் இவங்க கணக்கு, நாப்பதுல ஒருத்தன் கேப்பான், அவனுக்கு குடுத்துட்டா போச்சு.

ட்ரெயின் கதைக்கு வருவோம். இங்க உரிமை இருக்கு, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெடிகாரம் ஓடிட்டு இருக்கும். நீங்க ஏற வேண்டிய ஸ்டேஷனுக்கு வண்டி மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டு, நீங்க போகல, முழு காசும் திரும்ப வரும், தட்கலுக்கும் வரும். ஆனா அந்த வண்டி உங்க ஸ்டேஷன விட்டு கிளம்பறதுக்குள்ள டிடிஆர், அதாவது ரீஃபண்ட் கேக்கற மனு, போட்டிருக்கணும், வீட்டுக்கு போய் குளிச்சிட்டு சாவகாசமா போட்டா கிடையாது. ஏசி வேலை செய்யலன்னா, வேலை செய்யாத தூரத்துக்கு ஏசிக்கும் சாதாரண வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும், அதுக்கு டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) கிட்ட சான்று எழுதி வாங்கி, போய் சேந்த 20 மணி நேரத்துக்குள்ள டிடிஆர் போடணும். பாருங்க, மறுபடியும் அதே கதை, இறங்குறதுக்கு முன்னாடி பேப்பர்.

லேட்டா வந்து வேற நஷ்டம் ஆனா? இதுக்கு சுப்ரீம் கோர்ட்டோட 2021 தீர்ப்பு ஒண்ணு இருக்கு. 2016ல குடும்பத்தோட ஜம்முவுக்கு போனவர், ட்ரெயின் நாலு மணி நேரம் லேட்டு, ஜம்முல இருந்து ஸ்ரீநகர் ஃப்ளைட்ட விட்டுட்டு டாக்ஸி வச்சு போக வேண்டியதா ஆச்சு, கேஸ் போட்டார். லேட்டுக்கு பொறுப்பில்லன்னு எங்க விதியிலயே இருக்குன்னு ரயில்வே வாதாடுச்சு. ஏன் லேட்டுன்னு காரணத்த நீங்க தான் நிரூபிக்கணும், நிரூபிக்கலன்னா நஷ்டஈடு குடுன்னு கோர்ட் சொல்லிடுச்சு, டாக்ஸி, மன உளைச்சல்னு எல்லாத்துக்கும் சேத்து. அதுக்காக எல்லா லேட்டுக்கும் காசு வரும்னு நினைக்காதீங்க, ஆனா மேல சொன்ன மாதிரி ஒரு வண்டியால இன்னொரு வண்டிய விட்டவங்களுக்கு எனக்கு தெரிஞ்சு இருக்கற நல்ல பிடி இது தான். எல்லா தீர்ப்பும் நமக்கு சாதகம்னும் இல்ல, 2023 ஜூன்ல இதே சுப்ரீம் கோர்ட், இடுப்புல கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபா ட்ரெயின்ல திருடு போன கேஸ்ல ரயில்வே பொறுப்பில்ல, உன் பொருள நீ தான் பாத்துக்கணும்னு சொல்லிடுச்சு.

பொறுமைக்கு உதாரணம் வேணும்னா மதுரா வக்கீல் ஒருத்தர் இருக்கார், 1999ல கவுண்டர்ல 70 ரூபா டிக்கெட்டுக்கு 90 ரூபா வாங்கிட்டாங்க, இருபது ரூபாய்க்கு கேஸ் போட்டு 2022ல ஜெயிச்சார். படிக்க நல்லா இருக்கு, ஆனா இருபது ரூபாய்க்கு இருபத்திரண்டு வருஷம் ஆகுதுன்னா ஜெயிச்சது யாரு?

பணத்த விடுங்க, உயிர் விஷயம் ஒண்ணு இருக்கு, இத தயவுசெஞ்சு நாலு பேருக்கு சொல்லுங்க. ஓடற ட்ரெயின்ல இருந்து தவறி விழுந்து ஒருத்தர் செத்துட்டா, ரயில்வே சட்டம் 1989, பிரிவு 124ஏ படி ரயில்வே மேல தப்பு இருக்கா இல்லையான்னே பாக்காம நஷ்டஈடு தரணும், 2017 ஜனவரில இருந்து 8 லட்சம். தற்கொலை, போதை, குற்றம் பண்ணும்போது விழுந்தது மாதிரி சில காரணம்னா தான் கிடையாது. கூட்டத்துல படியில தொங்கி விழுந்தா "அவன் அஜாக்கிரதை"ன்னு நாமளே சொல்லிடறோம் இல்லையா, சுப்ரீம் கோர்ட்டோட 2018 ரீனா தேவி தீர்ப்புல ஏறும்போது இறங்கும்போது விழறது தானா தேடிகிட்ட காயம் ஆகாதுன்னு தெளிவா சொல்லிருக்காங்க, உடம்புல டிக்கெட் கிடைக்கலங்கறதுக்காக மட்டும் டிக்கெட் இல்லாம வந்தவர்னு முடிவு பண்ணக்கூடாதுன்னும் சொல்லிருக்காங்க. ரயில்வே உரிமை கோரல் தீர்ப்பாயம் சென்னையிலயே இருக்கு, ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும். பறக்கும் ரயில் ரூட்லயும் செங்கல்பட்டு ரூட்லயும் கூலி வேலைக்கு போறவங்க வீட்ல இது தெரியாம அந்த ஒரு வருஷம் அழுதே போயிடுது.

இன்னொண்ணு, டிக்கெட் இல்லாத பொண்ண, கூட ஆம்பள துணை இல்லன்னா, ராத்திரில நடுவழி ஸ்டேஷன்ல இறக்கி விடக்கூடாது. பகல்ல தான், அதுவும் அவங்க ஏறின ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன் இல்லன்னா மாவட்டத் தலைநகர்ல தான் இறக்கலாம். அதே சட்டத்துல பிரிவு 139. ஹெல்ப்லைன் நம்பரும் 139, மறக்காது.

ஆட்டோவ பத்தி பேச ஒண்ணும் இல்ல. 2013 ஆகஸ்ட்ல 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபான்னு நிர்ணயிச்சாங்க, அப்ப பெட்ரோல் 75 ரூபா சுமாருக்கு இருந்துச்சு. பெட்ரோல் நூற தாண்டியும் அந்த மீட்டர பிடிச்சு தொங்குனா டிரைவர் எப்படி ஓட்டுவார்? பயணி உரிமைன்னு பேசுறப்ப இங்க ரெண்டு பக்கமும் ஏமாந்தவங்க தான்.

அரசு பஸ். நம்ம ஊர்ல ஜாஸ்தி பேர் போறது இதுல தான், எழுத்துல உரிமை கம்மியா இருக்கறதும் இதுல தான். பஸ் வரலன்னா வரல, அதுக்கு நஷ்டஈடுன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆனா ஒண்ணு சொல்லணும், நடுவழில நின்னா கண்டக்டரே கை காட்டி அடுத்த அரசு பஸ்ஸ நிறுத்தி அதே டிக்கெட்ல ஏத்தி விடுவார், ஆயிரக்கணக்குல வாங்குன ஆம்னி வண்டி அத பண்ணல. விபத்துன்னு வந்தா தான் சோதனை. அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கறதுல சட்டத்துல விலக்கு இருக்கு, தனியா நிதி வச்சு தாங்களே குடுக்கணும். அந்த நிதியில காசு இல்லன்னா? அதனால தான் பேப்பர்ல அடிக்கடி படிக்கிறோம், "நஷ்டஈடு வழங்காததால் அரசு பஸ் ஜப்தி". கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்ட்ல வந்து நோட்டீஸ் ஒட்டுவார், ஏறி உக்காந்திருந்த ஜனம் பையோட இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஓடும். ஒரு பயணியோட உரிமைக்காக இன்னும் அம்பது பயணிய இறக்கி விடறது, இத என்னன்னு சொல்றது. விபத்து மனுவுக்கு இப்ப ஆறு மாசம்னு சட்டத்துல கெடு வச்சிருக்காங்க, தள்ளிப் போடாதீங்க.

மத்த குறைகளுக்கு எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரே கதவு நுகர்வோர் ஆணையம் தான். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், கம்பெனி எங்க இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, வக்கீல் கட்டாயம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயும் போடலாம். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டாலே சில கம்பெனி வழிக்கு வந்துடும்.

கடைசியா எங்க அம்மா கேட்ட ஒரு கேள்வி. நான் இதெல்லாம் விளக்கிட்டு இருந்தேன், "நான் காசே குடுக்காம தானேடா போறேன், எனக்கு என்ன உரிமை"ன்னாங்க. விடியல் பயணம் 2021 மே மாசத்துல இருந்து ஓடுது, சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு கட்டணம் இல்ல. நுகர்வோர் சட்டத்துல இலவச சேவை வராதுன்னு இருக்கறது உண்மை தான். ஆனா அம்மா டிக்கெட்டுக்கு அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்கு பணம் குடுக்குது, அது நம்ம வரி. 1995ல ஆஸ்பத்திரிகள் பத்தின வழக்குல, சிலருக்கு காசுக்கும் சிலருக்கு இலவசமாவும் பாக்கற ஆஸ்பத்திரில இலவசமா பாத்துகிட்டவரும் நுகர்வோர் தான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, பாதி பேர் காசு குடுத்து ஏறுற பஸ்ஸுக்கும் அதே நியாயம் தான் பொருந்தணும்ங்கறது என் கட்சி, மாமாவும் "வாதம் நிக்கும்டா"ன்னார். விபத்துன்னா இந்த கேள்வியே வராது, காசு குடுத்தாரான்னு பாத்து கேஸ் எடுக்கறதில்ல. ஆனா அந்த பஸ்ல தான் இருந்தீங்கன்னு காட்டணும், அதுக்கு அந்த ஜீரோ டிக்கெட் வேணும். கூட்ட நேரத்துல சில கண்டக்டர் கிழிக்காம விட்டுடறாங்க, நம்ம ஆளுங்களும் கேக்கறதில்ல. அம்மாட்ட சொல்லிருக்கேன், கேட்டு வாங்கு, வாங்கி இறங்கற வரைக்கும் பர்ஸ்ல வைன்னு. இப்ப அவங்க பர்ஸ திறந்தா போன மாசத்து டிக்கெட் எல்லாம் சேந்து கொட்டுது, அத எப்ப தூக்கிப் போடலாம்னு அடுத்த சண்ட.